ஃபிக்ரியின் கம்பியில்லாக் கால்வாய்

ஒரு கிண்ணம் முலூகியாக் கீரையில்தான் எல்லாம் தொடங்கியது.

சவ்சன் அதைச் சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தாள். வழியில், வரவேற்பறையிலிருந்து படுக்கையறை வரைக்கும் ஓடிய நீல வயர் கிடந்தது. வயர் அவள் காலைப் பிடித்தது. அவள் சுவரைப் பிடித்தாள். கிண்ணத்தைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. முயல் சாற்றில் பக்குவமாகச் செய்த கீரை, பூண்டு மணக்க மணக்க, கம்பளத்தில் பச்சையாக விரிந்து படுத்தது.

"அடி பட்டுச்சா?" என்றார் ஃபிக்ரி, ரொட்டித் துண்டைக் கையில் பிடித்தபடியே.

"எனக்கா, கீரைக்கா?"

"வயருக்கு."

சவ்சன் பதில் பேசவில்லை. சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் கறி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அவள் பேசாமல் இருக்கிற நேரம்தான் ஆபத்தானது என்பது இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் ஃபிக்ரி கற்ற பாடம். எழுந்துபோய் வயருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் நின்றார். நின்ற இடத்திலேயே சபதமும் செய்தார்.

"ஒரு வாரம் குடு. ஒரே வாரம். இந்த வீட்ல வயரே இருக்காது. இன்டர்நெட் காத்துல வரும். படுக்கையறைக்கு வரும், சமையக்கட்டுக்கு வரும், பால்கனிக்கு வரும். நீ எங்க நிக்கிறியோ அங்க வந்து நிக்கும்."

"இருவத்தேழு வருஷத்துல நீங்களே அப்படி வந்து நின்னதில்ல."

ஃபிக்ரி மன்சூரா நகரத்து நீர்ப்பாசன அலுவலகத்தில் பங்கீட்டுப் பிரிவு அதிகாரி. நைலிலிருந்து பெரிய கால்வாய், அதிலிருந்து கிளைக் கால்வாய், அதிலிருந்து வயல் வாய்க்கால். எந்த மதகை எந்தக் கிழமை எத்தனை விரற்கடை தூக்குவது என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அதையே செய்து செய்து, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு மதகாகத்தான் தெரிந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வீட்டுக்கு வேகமான இன்டர்நெட் வந்தபோதும் அப்படித்தான். தொலைபேசிக் கம்பி பெரிய கால்வாய். வரவேற்பறை மூலையில், இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கணினி தலைமதகு. அதற்கு அவர் வைத்த பெயர் 'சர்வர்'. அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்.

"சர்வர்னா பரிமாறுறவர்தானே?" என்று சவ்சன் ஒரு முறை கேட்டாள். "வாங்கி வச்ச நாள்லேருந்து எனக்கு ஒண்ணும் பரிமாறலியே."

அது நியாயமான குறைதான். மத்தியானம் இரண்டரைக்கு அலுவலகத்திலிருந்து வந்தால் ஃபிக்ரி சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரர் லபீப் டீ குடிக்க வருவார். இரண்டு பேரும் சேர்ந்து உலகச் செய்திகளைப் படித்து, உலகத்தைத் திருத்திவிட்டு, எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள்.

இதற்கு நடுவில்தான் மகள் ரீஹாம் விஷயம் வந்தது. கல்யாணமாகி மாண்ட்ரியலில் இருந்தாள். தலைப்பிரசவம். இன்னும் இரண்டு மாதம். அவ்வளவு தூரம் போக சவ்சனுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் ரீஹாம் ஊருக்கு வந்த ஒருவர் கையில் அம்மாவுக்கென்று ஒரு லேப்டாப் கொடுத்தனுப்பினாள், கேமராவோடு. குழந்தையைத் திரையிலாவது பார்க்கலாம் என்று.

"வரவேற்பறையில உக்காந்து பாரேன்" என்றார் ஃபிக்ரி.

"என் பொண்ணு கிட்ட நான் பேசறப்ப எதிர்ல லபீப் உக்காந்து டீ குடிக்கணுமா? மார்வலி, பால் கட்டுதுன்னு அவ சொல்ற விஷயத்துக்கெல்லாம் அவர் மருந்து சொல்லணுமா?"

அப்படி வந்ததுதான் அந்த நீல வயர். அப்படிக் கொட்டியதுதான் அந்தக் கீரை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கம்பளத்தைத் துடைத்துக்கொண்டே சவ்சன் சொன்னாள்: "எங்க ஸ்கூல் நூலகத்துல பன்னெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. வயரில்லாமலும் பண்ணிருக்கோம். சர்வர்ல பகிர்வைத் திறந்துட்டு, லேப்டாப்புக்கு எண் குடுக்கறப்ப..."

ஃபிக்ரி சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார், அதுதான் அதில் மோசம்.

"சவ்சன், புத்தகத்தை அடுக்கறது வேற. இது மதகு சமாச்சாரம். ஒரு ஜில்லாவுக்கே தண்ணி பங்கு போட்டவனுக்கு ஒரு வீட்டுக்கு இன்டர்நெட் பங்கு போடத் தெரியாதா?"

சவ்சன் துடைத்த துணியை வாளியில் பிழிந்தாள். "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யை ஃபிக்ரி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் சர்வரின் பின்புறத்தில் செருகும் ஒரு சின்னக் கருவியை வாங்கி வந்தார். கட்டை விரல் அளவு. நுனியில் பச்சை விளக்கு. அதுதான் காற்றில் அலையை அனுப்பும் என்று கடைக்காரன் சொன்னான். ஃபிக்ரி செருகினார். விளக்கு எரிந்தது. லேப்டாப்பைத் திறந்தார். அது சர்வரைப் பார்த்தது, பெயரைப் படித்தது, பக்கத்தில் வரவில்லை. சர்வர் இருப்பது தெரிகிறது, இன்டர்நெட் இல்லை. ஒரு நாள் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். ஒரு தடவை மட்டும் பாதிப் பக்கம் திறந்தது. சவ்சனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் கம்பியில்லாத இணைப்பு கம்பி நீட்டிவிட்டது.

சபதம் செய்த ஒரு வாரம் முடிந்து இரண்டு நாள் ஆயிற்று. நீல வயர் அங்கேயே கிடந்தது. சவ்சன் அதை ஒவ்வொரு முறையும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டுவது போலத் தாண்டினாள். வாய் திறந்து கேட்டது லபீப்தான். ஃபிக்ரியை அவர் மரியாதையாகப் 'பாஷா' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பாஷா, தண்ணி இன்னும் கடைமடைக்குப் போகலியா?"

"மேட்டு நிலம், லபீப். கொஞ்சம் நாளாகும்."

அன்றைக்கு மாலை ஃபிக்ரி வேறு வழியில்லாமல் ஒரு கணினி மன்றத்தில் சேர்ந்தார். இன்டர்நெட்டில் அரபு நாடு முழுவதும் உள்ளவர்கள் கூடி ஒருவர் சந்தேகத்தை இன்னொருவர் தீர்த்துவைக்கும் இடம். அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. ஃபிக்ரி யோசித்து, 'நெட்வொர்க் சிங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார். எழுதினார்:

"சகோதரர்களே, எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். ஆனாலும் சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு இன்டர்நெட் போகவில்லை. தவறு என் பக்கம் இல்லை என்பதை மனத்தில் கொண்டு பதில் சொல்லவும்."

மறுநாள் காலை பத்து மணி இருபது நிமிஷத்துக்குப் பதில் வந்திருந்தது. எழுதியவர் பெயர் 'அபூ ஸப்ர்'. பொறுமையின் தகப்பன்.

"மதிப்புக்குரிய சிங்கம், தவறு உங்கள் பக்கம் இல்லை. உங்களைப் போன்றவர்கள் பக்கம் தவறு இருப்பதே இல்லை. தலைமதகைத் திறந்திருக்கிறீர்கள், ஆனால் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த மதகிலிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. லேப்டாப்பில் 'நுழைவாயில்' என்ற இடத்தில் சர்வரின் எண்ணைக் கொடுங்கள்."

ஃபிக்ரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னுடைய பாஷையிலேயே பேசுகிற ஒரு மனிதர். சொன்னபடி எண்ணைக் கொடுத்தார். லேப்டாப்பில் பக்கம் சட்டென்று திறந்தது.

"சவ்சன். சவ்சன், இங்க வா."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வயர் இல்லாமயா? எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"யோசிச்சேன்" என்றார் ஃபிக்ரி.

ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வரவேற்பறையில் சிக்னல் ஐந்து கோடு. வாசலில் இரண்டு. நடைக்கூடத்தில் ஒன்று. சமையலறையில் கால் வைத்ததும் ஒன்றுமில்லை. நீல வயரை மறுபடியும் செருகினார்.

அபூ ஸப்ருக்கு எழுதினார். அவர் வீட்டின் வரைபடம் கேட்டார். ஃபிக்ரிக்கு வரைபடம் என்றால் சாப்பாடு வேண்டாம். அளவுகோல் வைத்து, சுவர், கதவு, சன்னல், சாமான் எல்லாம் குறித்து, தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி கூடப் போட்டு அனுப்பினார்.

"இவ்வளவு அழகான வரைபடத்தை நான் பார்த்ததில்லை" என்று அபூ ஸப்ர் எழுதினார். அந்த வரியை ஃபிக்ரி லபீப்புக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். "ஆனால் பால்கனியில் 'தொடக்கூடாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே என்ன இருக்கிறது?"

அங்கே இருந்தவை: ஓடாத மின்விசிறி இரண்டு, சக்கரமில்லாத சைக்கிள் ஒன்று, பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் இரும்புத் தொட்டி, அலுவலகம் கழித்துக் கட்டிய ஒரு மதகுச் சக்கரம். எல்லாம் என்றைக்காவது உதவும் என்று ஃபிக்ரி சேர்த்தவை. ஆறு வருஷமாக சவ்சன் அந்தப் பால்கனியில் துணி காயப்போட்டதில்லை.

"இரும்பு அலையைத் தின்னும்" என்று எழுதினார் அபூ ஸப்ர். "சமையலறைக்குப் போகும் அலை உங்கள் பால்கனி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். முடிவு உங்களுடையது."

வெள்ளிக்கிழமை ஃபிக்ரி கையை மடித்துவிட்டுக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தார். சவ்சன் ஓடி வந்தாள்.

"ஐயோ, அதையெல்லாம் எதுக்குங்க எடுக்கறீங்க? அந்தச் சைக்கிள் இல்லாட்டி பால்கனி வெறிச்சுனு ஆயிடுமே."

"உனக்குப் புரியாது. இது அறிவியல்."

"ஆசையா சேத்து வச்சீங்களே."

"அறிவியலுக்கு ஆசாபாசம் கிடையாது, சவ்சன். அந்தப் பக்கம் பிடி."

"எனக்கு இடுப்பு வலி" என்றாள் சவ்சன்.

ஐந்து மாடி, ஐந்து முறை ஏறி இறங்கினார். மதகுச் சக்கரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்கும்போது கண் கலங்கியது. ஆனால் அன்று சாயங்காலம் நடைக்கூடத்தில் இரண்டு கோடு வந்தது. ஃபிக்ரி அந்த இரண்டு கோட்டைப் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதன் பிறகு அபூ ஸப்ர் சொன்னதெல்லாம் வேதம். படுக்கையறையில் ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி வாசலுக்கு நேராக இருக்கிறதாமே, கண்ணாடி அலையைத் திருப்பி அனுப்பிவிடும், எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள் என்றார். சவ்சன் மாற்றச் சொல்லி ஏழு வருஷமாகக் கேட்ட அலமாரி அது. ஃபிக்ரியும் லபீப்பும் தோள் கொடுத்து மாற்றினார்கள். லபீப்புக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"உங்க அபூ ஸப்ர் எந்த ஊருப்பா?" என்றார் லபீப், முதுகைத் தேய்த்தபடி.

"தெரியாது. பெரிய ஆளா இருக்கணும். காலைல பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும்தான் எழுதுவார். ஏதோ பெரிய ஆபீஸ். வெள்ளிக்கிழமை எழுதவே மாட்டார். பக்திமான்."

சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்து சுவர் ஓதம் பிடித்திருந்தது. "ஈரச் சுவர் அலையை உறிஞ்சும், நீர்ப்பாசன அதிகாரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை" என்று எழுதினார் அபூ ஸப்ர். நான் நீர்ப்பாசன அதிகாரி என்று இவருக்கு எப்போது சொன்னேன் என்று ஃபிக்ரி அரை நிமிஷம் யோசித்தார். வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார், மேதை, என்று முடிவு செய்து, குழாய்க்காரனைக் கூப்பிட்டார்.

"குழாய் பாட்டுக்குச் சொட்டட்டுமே" என்றாள் சவ்சன். "அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. துணைக்கு இருக்கு."

"உன் துணைக்கு நான் இருக்கேன். நகரு."

அது மட்டுமில்லை. கம்பளத் தூசி சர்வரின் மூச்சுத் துளையை அடைக்கும் என்பதால் வாரா வாரம் கம்பளத்தைப் பால்கனிக் கைப்பிடியில் போட்டு அடித்தார். எதிர்வீட்டுப் பெண்கள் சன்னலில் நின்று பார்த்தார்கள். அவர் இன்னும் ஓங்கி அடித்தார்.

கடைசியாக வந்த அறிவுரைதான் கொஞ்சம் உறைத்தது.

"மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்" என்று எழுதியிருந்தார் அபூ ஸப்ர். "சர்வருக்கும் சமையலறைக்கும் நடுவில் உட்காரும் ஆள் ஒரு நீர்த்தேக்கம் மாதிரி அலையைத் தடுப்பார். கேட்பதற்கு மன்னிக்கவும், தங்கள் எடை என்ன?"

தொண்ணூற்றெட்டு கிலோ. ஃபிக்ரி தொண்ணூறு என்று எழுதினார்.

"பதிலில் எட்டு கிலோ குறைகிறது என்று நினைக்கிறேன். எப்படியானாலும், தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அந்த நேரத்தில் நைல் கரையில் நடந்துவிட்டு வாருங்கள். சர்வருக்கும் நல்லது."

ஃபிக்ரி நடந்தார். லபீப்பையும் கூட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாவது வாரம் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. அந்த இரண்டு மணி நேரம் வரவேற்பறை காலியாக இருந்தது. அங்கே சவ்சன் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு மகளோடு பேசினாள். அது ஃபிக்ரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், இரும்பு அலமாரியை நகர்த்தி, பச்சை விளக்குக் கருவியை ஒரு நீள வயரில் கட்டிச் சன்னல் ஓரம் தொங்கவிட்ட அன்று, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார் என்பதுதான். அடுப்புக்கு முன்னால் நின்றார். நான்கு கோடு. பால்கனியில் நின்றார். நான்கு கோடு. நடைக்கூடத்துக்கு வந்தார். நீல வயரைத் தரையிலிருந்து எடுத்து, முழம் முழமாகச் சுருட்டி, போரில் பிடித்த கொடியைப் போலக் கொண்டுபோய் சவ்சன் முன்னால் வைத்தார்.

சவ்சன் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னதைச் செஞ்சிட்டீங்க" என்றாள். அதில் கேலி இல்லை.

குழந்தை அடுத்த வாரம் பிறந்தது. பெண். லமீஸ் என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மாண்ட்ரியலில் காலை பதினோரு மணி, மன்சூராவில் சாயங்காலம் ஆறு. மருமகன் கேமராவைப் பிடித்துக்கொண்டான். சவ்சன் பிரசவித்த பெண்களுக்குக் காய்ச்சும் வெந்தய பானத்தை அடுப்பில் கிளறிக்கொண்டே, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ரீஹாம் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள்.

சவ்சன் கரண்டியை விட்டுவிட்டாள்.

"அம்மா, தெரியுதா?"

"தெரியுது கண்ணு. எல்லாம் தெரியுது. கொட்டாவி விடுறா பாரு."

அன்றைக்கு மட்டும் நடக்கப் போகாத ஃபிக்ரி மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சின்ன நெற்றி, சின்ன வாய், நடுவில், எந்தத் தலைமுறைக்கும் குறைவைக்காத அவர்கள் குடும்பத்து மூக்கு. படம் ஒரு முறைகூட நிற்கவில்லை. பானம் பொங்கி அடுப்பில் வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. தலைமதகிலிருந்து கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. ஃபிக்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலுவலகத்தில் ஒரு கால்வாயைத் திறந்து வைத்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மன்றத்தில் நான்கே வரி எழுதினார். "குருவே, எல்லா அறையிலும் நான்கு கோடு. வேலை முடிந்தது. நன்றி. என்றும் உங்கள் சிங்கம்."

மறுநாள் பதில் இருந்தது.

"சிங்கத்துக்கு வாழ்த்துகள். தாத்தாவானதற்கும் சேர்த்து. குழந்தைக்கு மூக்கு அப்படியே உங்களுடையது. கவலைப்பட வேண்டாம், வளர வளர முகம் மூக்கை எட்டிப் பிடித்துவிடும்."

ஃபிக்ரி ஒரு முறை படித்தார். இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது காது சூடாயிற்று.

குழந்தை பிறந்ததை மன்றத்தில் அவர் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் மூக்கையும் அவர் மூக்கையும் பார்த்தவர்கள் உலகத்தில் நான்கு பேர்தான். அதில் இரண்டு பேர் மாண்ட்ரியலில் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். ஒருவர் இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

காலை பத்திலிருந்து ஒன்று. பள்ளி நூலக நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறை. 'சிங்கம்' என்று பெயர் வைத்தபோது பின்னால் நின்று டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தது சவ்சன். தொண்ணூற்றெட்டு கிலோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்வித் துறை அவளை இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. புத்தகத்துக்கு எண் ஒட்டும் பயிற்சி என்று அவர் நினைத்தார். நினைத்தாரே தவிர, கேட்கவில்லை. இரண்டு மாதமும் சாயங்காலம் களைத்துப்போய் வந்தாள். அப்போதும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கோபம் வந்தது. பால்கனியை நினைத்தார், அலமாரியை நினைத்தார், தன் கையால் இரும்புக்காரனுக்குக் கொடுத்த மதகுச் சக்கரத்தை நினைத்தார். அப்புறம் வெட்கம் வந்தது. அதற்கும் அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோது தலைக்குள் ஒரு யோசனை நின்றுகொண்டிருந்தது. அவள் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. இனிமேல் மதகு யார் கையில்?

எழுதினார்: "குருவே, வாழ்த்துக்கு நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வீட்டில் வெண்டைக்காய் சமைக்கும் நாட்களில் சிக்னல் குறைகிறது. கோதுமை திணித்த புறா சமைத்தால் கூடும் என்று என் அனுபவம் சொல்கிறது. தங்கள் கருத்து?"

மறுநாள் காலை பத்தே காலுக்குப் பதில். "சிங்கம் சொல்வது சரி. புறாவுக்கு அந்தக் குணம் உண்டு. ஒரு ஆளுக்கு இரண்டு."

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியிலேயே மணம் வந்தது. தட்டில் இரண்டு புறா, பொன்னிறத்தில், வயிறு புடைக்க. பக்கத்தில் ஊறுகாய், எள்ளுச் சட்னி, சூடான ரொட்டி.

"என்ன விசேஷம்?" என்றார் ஃபிக்ரி, முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு.

"என்னவோ தோணுச்சு. நீங்களும் எவ்வளவு வேலை செஞ்சீங்க."

"அப்படித் தோணணும்" என்றார் ஃபிக்ரி. எலும்புகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அந்த இரண்டு புறாவுக்கும் அவர் மனைவியின் சமையல் மணமும் இருந்தது, தன்னுடைய ராஜதந்திரத்தின் மணமும் இருந்தது. வெற்றி என்பது இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வாத்து கேட்கலாம். அதற்கடுத்த வாரம் நாற்காலித் தடையை விலக்கச் சொல்லலாம்.

கை கழுவிவிட்டு, ஒரு டம்ளர் புதினா டீயோடு சர்வர் முன்னால் உட்கார்ந்தார். வாத்துக்கு என்ன அறிவியல் காரணம் சொல்வது என்று யோசித்தபடியே, அபூ ஸப்ர் என்ற பெயரின் மேல் முதல் முறையாகச் சொடுக்கினார். 'இந்த உறுப்பினர் தொடங்கிய பதிவுகள்' என்று ஒரு பக்கம் திறந்தது. அவருடைய குரு மொத்தம் ஒரே ஒரு பதிவுதான் தொடங்கியிருந்தார். கணினிப் பிரிவில் இல்லை. 'இல்லமும் குடும்பமும்' பிரிவில். மேலே தங்க நிற ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள். அந்த மரியாதை மிகச் சிறந்த பதிவுகளுக்கு மட்டும்தான்.

தலைப்பு: 'கம்பியில்லாமல் கணவரை வேலை வாங்குவது எப்படி? படங்களுடன் விளக்கம்.'

தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. அவருடைய முதல் கேள்விக்குப் பதில் வந்த அதே நாள். படிகள் எல்லாம் அன்றைக்கே எழுதி முடித்தவை. படங்கள் மட்டும் வாரா வாரம் சேர்ந்திருந்தன. நாலாயிரத்துச் சொச்சம் பேர் படித்திருந்தார்கள். அஸ்வானிலிருந்து ஒரு பெண், தன் வீட்டுக்காரர் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டதாக நன்றி சொல்லியிருந்தாள். பெய்ரூட்டிலிருந்து ஒருத்தி, எடை கேட்கும் இடம் அருமை என்று எழுதியிருந்தாள். படங்களில் ஒரு கனத்த முதுகு மாடிப்படியில் மின்விசிறியோடு இறங்கிக்கொண்டிருந்தது. அதே முதுகு கம்பளத்தை அடித்தது. முகம் எங்கேயும் தெரியவில்லை. அந்த மட்டுக்கும் அவள் மரியாதை காத்திருந்தாள்.

ஃபிக்ரி டீயைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். முதல் படி, முதலில் அவரே தோற்கட்டும், ஒன்பது நாள் போதும். இரண்டாம் படி, ஆண்பிள்ளைப் பெயர். நடுவில் எங்கேயோ, ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்ய மாட்டார். ஏழாம் படியில் அவர் விரல் நின்றது.

"வேலை எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு உண்மை தெரிய வேண்டும். தானாகத் தெரியாவிட்டால் நீங்களே ஒரு துப்புக் கொடுங்கள். தெரிந்ததை உங்களிடம் சொல்ல மாட்டார். தான் ஜெயித்ததாக நினைத்து, ஏதாவது நல்ல சாப்பாடு கேட்பார். மறுக்காமல் செய்து போடுங்கள். வயிறும் மனமும் நிறைந்த ஆள்தான் எட்டாம் படிக்குத் தேவை."

ஃபிக்ரி எட்டாம் படிக்குப் போவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ரீஹாம் அப்பா, சமையக்கட்டுக்கு வெள்ளையடிக்க ரெண்டு டின் போதுமா, மூணா வாங்கட்டுமா?"